ஸ்பிரிங்கை உயர்த்தாமல் பெரிய டயர்: மலையகப் பாதைகளுக்கு ஓல்-டெரெய்ன் டயர் தெரிவு செய்யும் முறை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை செல்லும் வீதியில் எந்த நல்ல டயரும் ஓடும். பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்பிய பிறகுதான் டயரின் உண்மையான தரம் தெரியவரும். கருங்கல் பதித்த பழைய பாதை, கற்களின் மேல் பாசி, அதற்கும் மேல் மழை அடித்துக் கொண்டுவந்த வழவழப்பான செம்மண், இடதுபுறம் ஆழமான கான், எதிரே இறங்கி வரும் கொழுந்து லொறி என்று எல்லாம் ஒரே வளைவில் சேர்ந்து வரும். வாகனம் கொஞ்சம் உயரமாக இருந்தால் நன்றாயிருக்கும், டயர் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பிடிப்புக் கிடைக்கும் என்ற எண்ணம் அந்த இடத்தில் எவருக்கும் எழும். ஸ்பிரிங், ஷொக் அப்சோபர் எதையும் மாற்றாமல், தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பிலேயே பெரிய ஓல்-டெரெய்ன் (தார், மண், கல் எல்லாவற்றிலும் ஓடக்கூடிய) டயர் போட விரும்புகிறவர்களுக்காக இதனை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் டயரின் விட்டத்தை மிகச் சிறிதளவே கூட்ட வேண்டும். செலவழிக்கும் பணத்தை டயரின் அகல உயரத்தில் போடாமல், அதன் பக்கச் சுவரின் வலிமையிலும் ஈரப் பிடிப்பிலும் போட வேண்டும். இதற்கான காரணங்களுள் பெரியது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது.

வாகனம் இன்று நிற்கும் உயரம்

தனியார் வாகன இறக்குமதி 2020 முதல் 2025 தொடக்கம் வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால், நம் பக்கத்தில் ஓடும் ஜீப்களிலும் டபுள் கெப்களிலும் கணிசமானவை வயது முதிர்ந்தவை. உரம், மரக்கறி மூட்டை, சீமெந்து என்று ஏற்றி ஏற்றி அவற்றின் ஸ்பிரிங்குகள் தணிந்துவிட்டன. ஆகவே "இந்த மொடலுக்கு இந்த அளவு டயர் பிடிக்கும்" என்று ஒருவர் சொல்லும்போது, அது புதிய ஸ்பிரிங்குடன் நிற்கும் வாகனத்துக்குச் சொல்லப்பட்டதாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சில்லுகளிலும் சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்வும் காற்றும் கணக்கைக் குழப்பும் என்பதால் நடுப்புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, பின்பக்கம் சுமையில்லாமலே பதிந்து நின்றாலோ, பெரிய டயருக்கு முன் அதே அளவிலான புதிய ஸ்பிரிங்கைப் போடுங்கள். அது வாகனத்தை உயர்த்துவதாகாது. இருக்க வேண்டிய இடத்துக்கு அதனைத் திரும்பக் கொண்டுவருவதாகும். பல வேளைகளில் இந்த ஒரு வேலையே, பெரிய டயரிடமிருந்து நீங்கள் எதிர்பார்த்த உயரத்தை விட அதிகமாகத் தந்துவிடும்.

எண்களை வாசிப்பது

டயரின் பக்கச் சுவரில் 215/75 ஆர்15 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். முழு விட்டத்தை அறிய, அகலத்தை 0.75 ஆல் பெருக்கி இரட்டித்து, அதனுடன் 15ஐ 25.4 ஆல் பெருக்கிய தொகையைக் கூட்ட வேண்டும். விடை 703.5 மில்லிமீற்றர்.

இப்போது ஒரு சுசுக்கி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 2018இல் வெளிவந்த வடிவத்தில் 195/80 ஆர்15 டயர் பொருத்தப்பட்டு வருகிறது. அதன் விட்டம் 693 மில்லிமீற்றர். 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 1.5 சதவீதம் கூடும். 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733.5 மில்லிமீற்றராகி 5.8 சதவீதம் கூடும். ஆனால் டிஃபரன்ஷியலுக்கும் (அச்சின் நடுவில் தொங்கும் கியர் உறை) தரைக்கும் இடையிலான உயரம் விட்டத்தின் அதிகரிப்பில் பாதிதான் கூடுகிறது: முதலாவதில் சுமார் 5 மில்லிமீற்றர், இரண்டாவதில் சுமார் 20 மில்லிமீற்றர். பாதையின் நடுவில் துருத்தி நிற்கும் கல்லுக்கு முன் 5 மில்லிமீற்றர் ஒன்றும் செய்யாது. 20 மில்லிமீற்றர் சில வேளைகளில் உதவும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைக் கீழே பார்க்கப் போகிறோம்.

டபுள் கெப் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதுவே. 265/65 ஆர்17 இலிருந்து 265/70 ஆர்17க்குப் போனால் விட்டம் சுமார் 776 இலிருந்து 803 மில்லிமீற்றராகி 3.4 சதவீதம் கூடும்; தரை உயரம் 13 மில்லிமீற்றர் கூடும். 285/70 ஆர்17 என்றால் 7 சதவீதம். மஹிந்திரா பொலேரோவின் 215/75 ஆர்15க்குப் பதிலாக 225/75 ஆர்15 போடுவது 2.1 சதவீத அதிகரிப்பு. பொதுவாக 3 சதவீதத்துக்குள் நிற்பது பாதுகாப்பு என்று டயர்த் தொழிலில் உள்ளவர்கள் சொல்வார்கள். சமவெளியில் ஓடும் வாகனத்துக்கு அந்த எல்லையைச் சற்றே மீறினாலும் பெரிய தீங்கில்லை. மலையில் அதனை மீற வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கணக்கில் இன்னொரு பகுதியும் உண்டு, அதனைப் பலர் பார்ப்பதில்லை. ஒவ்வொரு டயருக்கும் பொருத்தமான ரிம் அகலத்தைத் தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். 215/75 ஆர்15 டயருக்கு 5.5 அங்குல ரிம் ஏற்றது. 235/75 ஆர்15க்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். ஜிம்னியுடன் வரும் ரிம் 5.5 அங்குலம். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயரைப் பூட்டினால் அதன் பக்கச் சுவர் உள்நோக்கி வளைந்து, டயரின் நடுப்பகுதி மட்டும் தரையை அழுத்தும். வளைவுகளில் வாகனம் அலைவது போன்ற உணர்வு வரும். அகன்ற டயருக்காக ரிம்மையும் மாற்றுவதென்றால் செலவு இரட்டிப்பாகும், உரசும் இடங்களும் மாறும்.

ரொட்டி மாவால் அளந்து பார்த்தல்

நான் என் ஜிம்னிக்கு முதன்முதலில் 235/75 ஆர்15 போட்ட நாளில், கடை முற்றத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. மூன்றாம் நாள் அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில், பின் இருக்கையில் ஆட்களும் இரண்டு அரிசி மூட்டையும் இருக்க, முன் இடது சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கி மேலே ஏறியபோது 'கரகர' என்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் சில்லு வளைவின் உட்புறப் பிளாஸ்டிக் உறை கிழிந்து டயரில் சுற்றிக்கொண்டிருந்தது. சமதரையில் நிற்கும் வாகனத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். ஸ்பிரிங் முழுமையாக அமுங்கிய நிலையிலும் பார்த்தால்தான் சோதனை முடியும்.

இதனை டயர் வாங்குவதற்கு முன்னரே, இப்போதுள்ள டயரை வைத்தே செய்யலாம். ரொட்டிக்குப் பிசைவதைப் போலக் கோதுமை மாவைச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, நான்கு சென்ரிமீற்றர் உயரமான உருண்டைகளாக்கி, டயர் நெருங்கக்கூடிய இடங்களில் ஒட்டுங்கள். முன் பம்பரின் கீழ் மூலை, சில்லு வளைவின் பின் விளிம்பு, உடலைச் சட்டத்துடன் இணைக்கும் பகுதி, உட்புறத்தில் அச்சைத் தாங்கும் தண்டு, பிரேக் குழாய் செல்லும் வழி ஆகியவை முக்கியமானவை. பிரேக் குழாயின் மேல் ஒட்ட வேண்டாம். அதற்கு அருகிலுள்ள உலோகத்தில் ஒட்டுங்கள். பின்னர் ஆட்களை ஏற்றி, முன் சில்லு ஒன்றையும் அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கப் பின் சில்லையும் உறுதியான கல் அல்லது கொங்கிறீட் படியின் மேல் மெதுவாக ஏற்றி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்புங்கள். கீழே இறங்கிய பிறகு மற்றைய மூலைகளிலும் அவ்வாறே செய்யுங்கள். வாகனம் படியில் நிற்கும்போது எவரும் அதன் அடியில் போகக்கூடாது.

இப்போது மாவு உருண்டைகளைப் பாருங்கள். டயரின் தடம் பதியாத உருண்டை இருக்கும் இடத்தில் நான்கு சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி உண்டு. நசுங்கிய உருண்டையில் எஞ்சியிருக்கும் கனம்தான் அந்த இடத்தில் உங்களுக்குள்ள இடைவெளி. 195/80 இலிருந்து 215/75க்குப் போனால் முன்னும் பின்னும் 5 மில்லிமீற்றரும், உட்பக்கம் 10 மில்லிமீற்றரும் இந்த இடைவெளியில் குறையும். 235/75 என்றால் எல்லாத் திசையிலும் 20 மில்லிமீற்றர் குறையும். கழித்த பிறகு எங்கும் ஒரு விரல் பருமனாவது மிஞ்ச வேண்டும். சேறு அப்பிய டயரும், பிடித்துக்கொண்ட சிறுகல்லும் அந்த இடத்தைக் கேட்கும்.

சில்லுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தகட்டை இரண்டு விரல் அளவு பின்னுக்கு நகர்த்துவதும், பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கி உள்ளே தள்ளுவதும் நியாயமான வேலைகள். இரும்பை வெட்டுவதும், டயரை வெளியே தள்ளுவதற்காக ஸ்பேசர் பூட்டுவதும் வேறு வகை. ஸ்பேசர் உட்புற உரசலை நிறுத்தி வெளிப்புற உரசலைக் கொண்டுவரும்; பெயரிங்கின் மேல் விழும் சுமையைக் கூட்டும்; கல்லில் மோதும்போது ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கும். ஸ்பேசர் இல்லாமல் ஒரு டயர் பொருந்தவில்லை என்றால், அந்த டயர் அந்த வாகனத்துக்கு உரியதன்று.

இறக்கம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வாகனம் 1,300 மீற்றருக்கும் அதிகமான உயரத்தை வளைந்து வளைந்து இழக்கிறது. அந்த இறக்கம் முழுவதும் வாகனத்தைத் தாங்கிப் பிடிப்பவை கியரும் பிரேக்கும்தான்.

டயரின் விட்டம் 5.8 சதவீதம் கூடினால், அதே கியரில், அதே எஞ்சின் சுழற்சியில் வாகனம் 5.8 சதவீதம் வேகமாக ஓடும். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்து வைத்திருந்த வாகனம் இப்போது சற்று நழுவிப் போகும். அந்த நழுவலைப் பிரேக் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பெரிய சில்லை நிறுத்துவதற்குப் பிரேக்குக்குக் கூடுதல் விசையும் தேவை, ஏனெனில் தரைக்கும் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது. அதற்கு மேல் டயரின் நிறை. தடித்த சுவருள்ள ஓல்-டெரெய்ன் டயர், கார் வகை டயரை விட ஒவ்வொன்றிலும் சில கிலோ கூடுதலாக இருக்கும். நான் டயர் வாங்குவதற்கு முன் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசில் பழைய டயரையும் புதிய டயரையும் தொங்கவிட்டுப் பார்ப்பதுண்டு. சுழலும் பொருளின் நிறை, பெட்டியில் ஏற்றிய மூட்டையின் நிறையைப் போன்றதன்று. அதனை ஒவ்வொரு தடவையும் ஓடவைக்கவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். ஏற்றத்தில் கிளட்ச் அதற்கு விலை கொடுக்கிறது, இறக்கத்தில் பிரேக் விலை கொடுக்கிறது. எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் வீதியில் பிரேக் கருகும் மணத்தை நுகர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எனவே டயரைப் பெரிதாக்கும் எவரும் அதே வாரத்தில் பிரேக் பேட்களையும் பிரேக் எண்ணெயையும் பரிசோதிக்க வேண்டும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து, மிதி தரை வரை இறங்கிவிடும். இறக்கத்தில் இதுவரை இரண்டாம் கியரில் போன இடங்களை முதல் கியரில் போகப் பழகிக்கொள்ளுங்கள்.

வேகமானியும் பொய் சொல்லும். மற்றெல்லாம் சரியாக இருந்தாலும், 235/75 போட்ட ஜிம்னியில் முள் 60 காட்டும்போது முன்பு ஓடிய 60 இப்போது 63.5 ஆகிவிடுகிறது. ஓடிய தூரமும் அதே அளவில் குறைவாகப் பதிவாகும். ஆகவே எரிபொருள் கணக்கில் வாகனம் உண்மையில் குடிப்பதை விட அதிகமாகக் குடிப்பதாகத் தோன்றும்.

ஒடுக்கமான டயரே மலைக்கு நல்லது

தோட்டங்களில் பல பத்தாண்டுகளாக ஓடிய லேண்ட் ரோவர்களின் 7.50 ஆர்16 டயரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது உயரமானது, ஆனால் ஒடுக்கமானது. நம் பாதைகளில் சேறு பெரும்பாலும் மெல்லிய படலமாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே கல்லோ இறுகிய மண்ணோ உண்டு. ஒடுக்கமான டயர் அந்தப் படலத்தை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள கடினத் தளத்தைத் தொடும். அகன்ற டயர் அதன் மேல் மிதக்கும். மணலிலும் ஆழமான சதுப்பிலும் மிதப்பது நல்லது. அப்புத்தளையிலோ பொகவந்தலாவையிலோ அதற்கான தேவை அரிது.

பக்கச் சுவருக்கு வருவோம், ஏனெனில் மலையகத்தில் டயர்கள் அதிகம் சாவது அங்கேதான். ஒடுங்கிய பாதையில் லொறிக்கு இடம் கொடுக்க நாம் இடதுபுறம் ஒதுங்குகிறோம். இடது சில்லுகள் கான் ஓரத்துக் கல்லின் கூரிய விளிம்பில் உரசி, சுவர் கத்தியால் கீறியது போலப் பிளக்கிறது. சுவரில் ஏற்பட்ட வெட்டை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. டயரின் சுவரிலேயே அதற்குள் எத்தனை அடுக்கு நூலிழை உள்ளது என்று அச்சிடப்பட்டிருக்கும். சுவரில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று அடுக்கு உள்ள டயருக்கு, தோளில் தடித்த ரப்பர் மேடுகள் உள்ள டயருக்கு, கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. ஆனால் எல்.டி. எனக் குறிக்கப்பட்ட, பத்து பிளை மதிப்புள்ள (பிளை மதிப்பு டயரின் வலிமையைக் குறிக்கும், சுவரில் உள்ள அடுக்குகளின் எண்ணிக்கையை அன்று) பாரவாகன வகை டயரை ஜிம்னி போன்ற இலேசான வாகனத்துக்குப் போட்டால், அது கல்லின் மேல் வளைந்து கொடுக்காமல் துள்ளும். இலேசான ஜீப்புக்கு ஆறு பிளை போதும். மூட்டை ஏற்றும் டபுள் கெப்புக்குப் பத்து பிளை பொருந்தும். சுமைச் சுட்டெண் எந்தக் காரணத்தாலும் பழைய டயரை விடக் குறையக்கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ.

தரையைத் தொடும் பகுதியில், ரப்பர் கட்டைகளுக்கு இடையிலுள்ள பெரிய காடிகளை, அதாவது பள்ளங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அகன்ற காடிகளும் பெரிய கட்டைகளுமாக இருக்கும் சேற்று டயர், மழையில் நனைந்த தார் வீதியில் நழுவும். நாம் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி நனைந்த தார்தான். மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. பதுளைப் பக்கத்துக்கு ஆண்டு முடிவில் வடகீழ்ப் பருவ மழை. ஈரத்தில் பிடிப்பைத் தருபவை கட்டைகளின் மேல் கீறப்பட்டுள்ள மெல்லிய வெட்டுகள். கடையில் டயரைப் பார்க்கும்போது அந்த வெட்டுக்குள் ஒரு மெல்லிய அட்டையை நுழைத்துப் பாருங்கள். அது காடியின் ஆழத்தில் பாதியுடன் நின்றுவிட்டால், டயர் பாதி தேய்ந்ததும் அந்தப் பிடிப்பு மறைந்துவிடும். காடியின் அடி வரை செல்லும் வெட்டுகள் உள்ள டயரையே எடுங்கள்.

வாங்கும்போதும் அதன் பிறகும்

சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடையில் கிடந்ததை முழு விலைக்கு வாங்க வேண்டாம். ஐந்தையும் ஒரே அளவில், ஒரே வகையில் வாங்குங்கள். நான்கு சில்லு இயக்கத்தில் வெவ்வேறு விட்டமுள்ள டயர்கள் ஓடினால் கியர்களுக்குள் இறுக்கம் ஏறி அவை பழுதாகும். மேலதிக சில்லு பின்கதவில் தொங்கும் வாகனங்களில், கூடிய நிறையைக் கதவின் கீல் தாங்குமா, டயர் பம்பரில் முட்டுமா என்று பாருங்கள். அடியில் தொங்கும் வாகனங்களில் அது உள்ளே போகுமா என்று பூட்டிப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுவதும் நல்லது.

காற்றைப் பற்றி அடிக்கடி ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவில் கூடுமா, குறையுமா? உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைவதால் அளவி அவ்வளவு கூட்டிக் காட்ட முற்படும். குளிர் ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடும். 30 பாகை வெயிலில் 32 அடித்த டயர், நுவரெலியாவின் 10 முதல் 15 பாகைக் காலைக் குளிரிலும் 32ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே உயரத்துக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதிய டயருக்குச் சரியான காற்றை அறிய, டயரின் குறுக்கே சோக்கட்டியால் தடித்த கோடு கிழித்து, நேரான சமதரையில் நூறு மீற்றர் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. கரடுமுரடான பாதையில் இலேசான வாகனத்துக்கு 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம்; ஆனால் தார் வீதிக்கு ஏறியதும், இறக்கம் தொடங்குவதற்கு முன், சிறிய கம்பிரஸரால் திரும்ப அடித்துவிட வேண்டும்.

பூட்டிய பிறகு சில்லு நேர்ப்படுத்தல் செய்துகொள்ளுங்கள். முதல் நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். முதல் தடவை சுமையுடன் தோட்டத்துப் பாதை போய் வந்த அன்றே, டோர்ச் லைட்டுடன் குனிந்து சில்லு வளைவுகளின் உட்புறத்தைப் பாருங்கள். சேறு படிந்த இடத்தில் துடைத்து எடுத்தது போல் பளபளக்கும் ஒரு கோடு தென்பட்டால், டயர் தொட்டது அங்கேதான். அந்தக் கோடு பிளாஸ்டிக்கில் இருந்தால் கராஜுக்குப் போக நேரம் இருக்கிறது. பிரேக் குழாயில் இருந்தால் வாகனத்தை அங்கேயே நிறுத்தி, பழைய டயரைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த பயணம் புறப்பட வேண்டும்.